கூட்டல் மூன்று

எங்கள் குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உடனே போனில் தேடுவீர்கள். தேடினால் அந்த ஏழு விநாடி வீடியோதான் முதலில் வந்து நிற்கும். பாட்டு எங்கோ பத்தாவது இடத்தில்கூட இருக்காது. ஐந்து வருடமாக நானே தேடிப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. காஸை மூடினேனா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறியபின் நான்காவது முறை இழுத்திருக்கலாமோ என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவள், பார்த்தே ஆக வேண்டிய ஓர் எண்ணை ஒரே ஒரு நாள் பார்க்காமல் விட்டேன். போதாக்குறைக்கு நான் கணக்கு டீச்சர்.

குழுவில் மொத்தம் மூன்று பேர். நான் கீபோர்டு. திருச்சியில் எங்கள் பங்குக் கோவிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவுக்குப் பதினாறு வயதிலிருந்து வாசிக்கிறேன். ட்ரம்ஸ் வாசித்தவன் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், அப்போது ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ். பாடியவன் ஸ்ரீரங்கத்துக்காரன். அவன் அப்பா பெருமாள் கோவில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். பாசுரத்தை அங்கே பாடுகிறோம் என்று சொல்வதில்லை, சேவிக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். அவனும் அப்பா பின்னால் நின்று சின்ன வயதிலிருந்து சேவித்துப் பழகியவன். வாயைத் திறந்தால் மைக் எதற்கு என்று தோன்றும். இரண்டு பேரும் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள், அக்கா என்று கூப்பிடுவார்கள். மூன்று பேர் சேர்ந்தால் பேண்டா, ஷேர் ஆட்டோவுக்கே ஆள் பத்தாதே என்று என் அம்மா கேட்டாள்.

எங்களைத் தூக்கிவிட்டது ஒரே பாட்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற ஒருவன், வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஏதாவது குற்றம் சொல்லி விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் பாட்டு. பொன்மலையில் ட்ரம்ஸ்காரன் வீட்டு மாடியில் போனை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்து எடுத்தோம். பாடிக்கொண்டிருக்கும்போது ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. நிறுத்தலாமா என்று நான் கையைத் தூக்கினேன். பாடுகிறவன் நிறுத்தாமல் சங்கின் சுருதியைப் பிடித்து அப்படியே மேலே ஏறிவிட்டான். ஜனங்களுக்குப் பிடித்தது அந்த இடம்தான். ஒரு சினிமா இசையமைப்பாளர் அதைப் பகிர்ந்தார். அடுத்த ஒரு வாரம் நான் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்த நேரத்தைவிட போனைப் பார்த்த நேரம் அதிகம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாமல் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. எஃப்.எம்.மில் பேட்டி. பேப்பரில் ‘காவிரிக் கரையிலிருந்து ஒரு புயல்’ என்று தலைப்பு. தில்லை நகரில் எங்கள் முகம் போட்ட ஃப்ளெக்ஸ். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். திருச்சியிலேயே ஒரு பெரிய நிகழ்ச்சி, நேரலையில் உலகம் முழுக்கப் பார்ப்பார்கள், அது முடிந்ததும் ஆல்பம் என்றார். நாங்கள் தலையாட்டினோம். எங்களிடம் அப்போது இருந்தது ஒன்றரைப் பாட்டு. மீதியை இரண்டு மாதத்தில் அவசர அவசரமாகச் செய்தோம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் விஷயத்தில் மணியோசை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. யானையைத்தான் இன்னும் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒத்திகைக்கு நடுவில் ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் பாடுகிறவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா என்னை உட்காரச் சொல்லி, தானும் எதிரில் உட்கார்ந்தார். பையனைக் கெடுக்கிறாயே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஒரு வருஷம் பாடிண்டு வரட்டும். நான் தடுக்கலை. ஆனா அந்தக் குரல் பெருமாள் கொடுத்தது. பாழாப் போகாம பாத்துக்கோம்மா. மூணு பேர்ல நீதான் பெரியவ.”

“பாத்துக்கறேன் மாமா” என்றேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று காலை எங்கள் கோவிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதல் முறையாக நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாக வரிசையாக வருவார்கள், அன்றைக்குப் பாடுவதும் அவர்கள்தான். பெரியவர்கள் பாடும் சுருதி பிள்ளைகளுக்கு எட்டாத ஆழம். அதனால் சுருதியை ஏற்றி வைக்க வேண்டும். கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் என் விரல்கள் வழக்கமான கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் மேலே வரும். நான் மூன்று முறை அழுத்தினேன். சின்னத் திரையில் கூட்டல் மூன்று என்று வந்தது. கச்சேரிக் கணக்கில் சொன்னால் ஒன்றரைக் கட்டை சுருதி ஏற்றம். பிள்ளைகள் அழகாகப் பாடினார்கள். சில அம்மாக்கள் அழுதார்கள். கீபோர்டை அணைத்து உறையில் போட்டேன். அணைத்தாலும் கடைசியாக வைத்ததை மறக்காத ரகம் அது. மறதியெல்லாம் எனக்குத்தான்.

மேடைக்குப் போனதும் ஒத்திகை பார்ப்பார்களே, அப்போது தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கும், பாடுகிறவன் வந்திருந்தால். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் திருநாள் நடந்துகொண்டிருந்த வாரம் அது. சாயங்காலப் புறப்பாட்டில் அப்பாவோடு கோஷ்டியில் நின்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பெருமாள் வீதியில் இருக்கும்போது ஆட்டோ ஏது, காவிரிப் பாலத்தில் வண்டி நகர இடம் ஏது. சவுண்ட் இன்ஜினியர் என்னிடம், “மேடம், நாலு கார்டு அடிங்க, போதும்” என்றார். அடித்தேன். சத்தம் வருகிறதா என்றுதான் அவர் பார்த்தார். எந்தச் சுருதி என்று அவருக்கு என்ன கவலை? எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவன் வருவானா மாட்டானா என்ற கவலையைத் தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை. பத்து முறை போன் அடித்தேன்.

தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடி வந்தான். ஆட்டோவில் ஈரக் கைக்குட்டையால் திருமண்ணைத் துடைத்திருக்கிறான். நடுவில் இருந்த சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. மேக்கப் போடும் பெண் அதன்மேல் பவுடரை அப்பினாள்.

பஸ் பாட்டைத்தான் முதலில் பாட வேண்டும் என்பது கம்பெனிக்காரர் கட்டளை. கடைசியில் வைத்தால் நேரலையில் பார்ப்பவர்கள் அதுவரை இருக்க மாட்டார்களாம். நான் முன்னிசையைத் தொடங்கினேன். அவன் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தான். பயப்படுகிறான் என்று நினைத்து நான் சிரித்துத் தலையாட்டினேன். அந்தப் பார்வைக்கு அது பதிலே இல்லை என்பது இப்போது தெரிகிறது. அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. அக்கா தலையாட்டிவிட்டாளே என்று பாட்டை எடுத்துவிட்டான்.

பல்லவி நன்றாகவே போனது. சொல்லப் போனால் வழக்கத்தைவிட ஜொலித்தது. கூட்டம் கத்தியது. அப்புறம் சங்கு ஊதிய இடம் வந்தது. குரல் மேலே போய், நின்று, இரண்டாக உடைந்தது. அந்த வரி இரண்டு முறை வரும். வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது முறை கீழே பாடிச் சமாளித்திருப்பார்கள். அவன் சேவித்து வளர்ந்தவன், எட்ட வேண்டியதை எட்டாமல் விடத் தெரியாது. மறுபடியும் போனான். மறுபடியும் உடைந்தது. மைதானத்தில் யாரோ விசில் அடித்தார்கள், சிரிப்பு பின்னாலிருந்து முன்னால் பரவியது.

இரண்டாவது பாட்டுக்கு வயலின் சத்தத்தை மாற்றக் குனிந்தபோதுதான் திரையைப் பார்த்தேன். கூட்டல் மூன்று. பட்டனை அழுத்திச் சைபருக்குக் கொண்டுவந்தேன். யாரும் பார்க்கவில்லை. மீதி ஏழு பாட்டும் சரியான சுருதியில்தான் இருந்தன, ஆனால் அவன் பாடவில்லை, ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

மேடைக்குப் பின்னால் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“காலம்பறலேர்ந்து சேவிச்சுண்டே இருந்தேன். தொண்டை கட்டிடுத்து. என் தப்புதான் அக்கா” என்றான்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். வாய் வரை வந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் கம்பெனிக்காரர், கீபோர்டுக்கு ஆள் சென்னையிலேயே கிடைப்பார்கள் என்று என் காதுபடச் சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்தது.

“பரவாயில்லப்பா. ரெஸ்ட் எடு” என்றேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலைக்குள் குரல் உடைந்த அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். மத்தியானம் அதில் ஆடு கத்தியது, சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. புயல் என்று எழுதியவர்களே புஸ்வாணம் என்று எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பெனி முழு நிகழ்ச்சியையும் இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, அப்புறம் பேசலாம் என்றது. அந்த அப்புறம் வரவேயில்லை. ட்ரம்ஸ்காரன் ஒர்க்‌ஷாப் வேலையில் நிரந்தரமானான். நான் கணக்குக்குத் திரும்பினேன். அவன் மட்டும் எதற்கும் திரும்பவில்லை. கோஷ்டியில் ஒருநாள் குரல் நடுங்கியது என்று அதற்கும் போவதை நிறுத்தினான். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தான். காது மூக்கு தொண்டை டாக்டர்களாகப் பார்க்கத் தொடங்கினான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எனக்கு நெஞ்சு மட்டுமில்லை, தூக்கம், சாப்பாடு எல்லாமே குறுகுறுத்தது. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவத்துக்கு அபராதமாக ஏதாவது ஜெபம் சொல்லச் சொல்வார், முடித்துவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போகலாம் என்பது என் கணக்கு.

“இதை அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்களா?” என்றார்.

“இல்ல ஃபாதர்.”

“அப்ப போய் சொல்லுங்கம்மா. அதான் அபராதம்.”

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு கோவிலுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவன் அப்பா போய்விட்டார். ட்ரம்ஸ்காரன்தான் சொன்னான். துக்கம் கேட்கக் கிளம்பினேன். ஸ்ரீரங்கம் போகும் வழியில் மாம்பழச்சாலையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். பார்த்துக்கோம்மா என்று சொன்னவர் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஷிஃப்ட் முடிந்ததும் ட்ரம்ஸ்காரன் போன் செய்தான்.

“அக்கா, அவன் தொண்டைக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போறானாம். வர்ற வியாழக்கிழமை, மெட்ராஸ்ல.”

“எதுக்கு? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. இங்க டாக்டர்ங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அங்க ஒருத்தர், சின்னதா ஒரு தடிப்பு இருக்கு, இருந்தாலும் ஒண்ணுமில்ல, வேணும்னா எடுக்கலாம்னாராம். அதை எடுத்துட்டா அந்த ஒசரம் திரும்பி வந்துரும்னு நம்பிக்கிட்டு இருக்கான். கத்தி பட்டா இருக்குற குரலும் போயிரும்னு நான் சொன்னேன், கேக்க மாட்டேங்குறான். நீங்க சொன்னா கேப்பான்க்கா.”

இல்லாத நோய்க்குக் கத்தி. அந்த நோயை உண்டாக்கியவள் நான். மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்று போர்டில் எழுதினேன், பிள்ளைகள் திருத்தினார்கள். பள்ளி விட்டதும் சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். மாம்பழச்சாலையில் கால்கள் தாமாக எழுந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். “வாங்கோ வாங்கோ, எவ்வளவு நாளாச்சு” என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். அவன் கூடத்தில் இருந்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல். ஆபரேஷனுக்கு முன்னால் தொண்டைக்கு ஓய்வு என்று மெதுவாகத்தான் பேசினான். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது.

“அன்னிக்கு என் கீபோர்டு ஒன்றரைக் கட்டை மேல இருந்துச்சுப்பா” என்றேன். “காலைல புதுநன்மைப் பிள்ளைங்களுக்காக ஏத்தி வெச்சேன். எறக்க மறந்துட்டேன். உன் தொண்டைல ஒண்ணுமே இல்ல. அந்த ஒசரத்துல யாராலயும் பாடியிருக்க முடியாது.”

புரியாமல் பார்த்தான்.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டாவது பாட்டுலயே.”

அவன் போனை எடுத்தான். அந்த ஏழு விநாடியைத் தேடினான். “இதை நான் ஒரு நாளும் சத்தத்தோட பாத்ததில்லை” என்றான். முதல் முறையாகச் சத்தத்தைக் கூட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். போனிலேயே தம்புரா ஆப்பை ஓடவிட்டு, சுருதியை ஒவ்வொன்றாக மாற்றி, மறுபடி அந்த ஏழு விநாடியைப் போட்டு, ஒத்துப்பார்த்தான். மூன்று முறை செய்தான். நான் ஃபைலின் மேல் எழுதியிருந்த அவன் பெயரையே படித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா” என்றான். “ஒன்றரைக் கட்டை. அதுல போயா நான் பிடிக்கப் பாத்தேன்? கிட்டக்க போயிருக்கேனே அக்கா.”

சிரித்தான். மாடியில் செங்கல்மேல் போனைச் சாய்த்து வைத்த நாளில் பார்த்த அதே முகம். எனக்கு ஐந்து வருடத்தில் முதல் முறையாக மூச்சு சரியாக வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தேன் என்றுகூட நினைத்துவிட்டேன். நினைத்து முடிப்பதற்குள் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பா கடைசி மூணு நாள் பேசலை. நினைவு மட்டும் இருந்தது. ‘சேவிடா’ங்கற மாதிரி என்னையே பாத்துண்டு இருந்தார். எனக்கு பயம். நடுவுல குரல் உடைஞ்சு, கடைசியா அவர் காதுல விழறது அதுவா இருக்கப்படாதுன்னு நினைச்சேன். ஃபோன்ல வேற யாரோ சேவிச்சதைப் போட்டு, தலகாணி பக்கத்துல வெச்சேன்.”

காபி வந்தது. அவன் அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

“அவர் கண்ணை மூடிண்டார். அதைக் கேக்கறதுக்காக மூடிண்டாரா, நான் சேவிக்கலைன்னு மூடிண்டாரான்னு எனக்குத் தெரியாது” என்றான்.

மன்னித்துவிடு என்று சொன்னேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அவன் ஃபைலை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

“டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன். நீங்க கவலைப்படாதேங்கோ.”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வரேன்” என்றேன். போயிட்டு வாங்கோ என்று பதில் வரும் வீடு அது. ஒத்திகைக்குப் போன நாட்களில் அவன் அப்பா உள்ளேயிருந்தே சொல்வார். கூரியர் கொண்டுவருகிறவருக்கும்கூடச் சொல்லுவார்கள். கிளம்புகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

“போங்கோ அக்கா” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டைக்கூட எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.